மடை திறக்கும் மனிதர்: கண்மாய் மண்ணிலும் சீமைக்கருவேலத்திலும் செய்த ஒரு சிற்பம் – நிகழ்வு ஆய்வு

பின்னணி

மேலூர் வட்டத்தில் ஒரு கிராமத்து நடுநிலைப் பள்ளியில் நடந்தது இது. ஒரு வைகாசியில் தொடங்கி மறுவருடம் பங்குனி வரை நீண்டது. பள்ளிக்கும் சிற்பிக்கும் நடுவில் நின்று வேலையை ஒருங்கிணைத்தது நான். அதனால் இதில் வரும் தவறுகளில் சில என்னுடையவை. அவற்றை மறைத்தால் இந்தக் குறிப்பால் யாருக்கும் பயன் இல்லை. ஊர், பள்ளி, ஆட்கள் பெயர் எதையும் எழுதவில்லை.

பள்ளிப் பிள்ளைகள் கீழடி அருங்காட்சியகத்துக்குப் போய் வந்திருந்தார்கள். 2023 மார்ச்சில் திறந்தது அது. தங்க அணிகலன்களை விட அங்கிருந்த சுடுமண் உருவங்கள்தான் பிள்ளைகளுக்குப் பிடித்துப்போயின. "இதை மண்ணுலதானே டீச்சர் செஞ்சிருக்காங்க? நம்ம கண்மாயிலயும் மண்ணு இருக்கே" என்று ஒரு பெண் கேட்டாள். தலைமை ஆசிரியை அந்தக் கேள்வியை விடவில்லை. அந்தக் கோடையில் ஊர்க் கண்மாயைத் தூர் வாரிக்கொண்டிருந்தார்கள். உள்ளே மண்டிக்கிடந்த சீமைக்கருவேலத்தை வெட்டிக் கரையில் போட்டிருந்தார்கள். மண்ணும் அங்கே, மரமும் அங்கே. இரண்டையும் வைத்து அந்தக் கண்மாயைப் பற்றியே ஒரு சிற்பம் செய்யலாம் என்று முடிவானது.

என்ன உருவம் என்று பெரிய விவாதம் நடக்கவில்லை. கண்மாய் நிறைந்திருக்கும்போது தண்ணீரில் இறங்கி, மூச்சடக்கி மூழ்கி, வயலுக்குத் தண்ணீர் பாயும் வழியான மடையின் அடைப்பைத் தூக்கிவிடும் ஒருவர் முன்பெல்லாம் ஊருக்கு ஊர் இருந்தார். உயிரைப் பணயம் வைக்கும் வேலை. இந்த ஊரில் கடைசியாக அதைச் செய்தவரின் பேரன் ஆறாம் வகுப்பில் படிக்கிறான். குனிந்து, இரண்டு கையாலும் மடைத்தண்டைப் பிடித்து இழுக்கும் ஆள், நாலரை அடி உயரம்: உடல் மண்ணில், தண்டும் அடிக்கட்டையும் மரத்தில். இதுதான் திட்டம்.

சிற்பி 26 வயது இளைஞர். கவின்கலைக் கல்லூரியில் படித்தவர். திருப்பரங்குன்றத்தை அடுத்த விளாச்சேரியில் கொலு பொம்மை செய்யும் ஒரு குடும்பத்திடம் இரண்டு பருவம் வேலை பழகியவர். கை சுத்தம், உழைப்புக்கும் குறைவில்லை. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பின்னால் நடந்தது எதுவும் திறமைக் குறைவால் வந்தது அல்ல.

மண்ணும் மரமும் எடுத்தது

கண்மாய் மண் எடுப்பதற்கு அனுமதி வேண்டும். விவசாயிகளும் மண்பாண்டத் தொழிலாளர்களும் கட்டணமில்லாமல் வண்டல், களிமண் எடுக்க அரசு இடம் கொடுத்திருக்கிறது. 2024இல் விதி மாறியதிலிருந்து இந்த அனுமதியை வட்டாட்சியரே தருகிறார். எங்கள் பள்ளி இந்த இரண்டு வகையிலும் வராது. பக்கத்து ஊரில் மண்பாண்டம் செய்யும் வேளார் ஒருவர் தன் அனுமதியில் எடுக்கும் மண்ணில் எங்களுக்கும் கொஞ்சம் தர ஒத்துக்கொண்டார். 70 வயதைத் தாண்டியவர். அய்யனார் கோயில் புரவி எடுப்புக்கு, அதாவது சுடுமண் குதிரைகளை ஊர்வலமாகக் கொண்டுபோய்க் கோயிலில் வைக்கும் விழாவுக்கு, குதிரை செய்து கொடுக்கும் குடும்பம். அன்றைக்கு அவர் எங்களுக்கு மண் தருகிறவராக மட்டுமே தெரிந்தார்.

டிராக்டர் கரையோரமாக நின்றது. நடுக்கண்மாயில் இன்னும் சேறு, சக்கரம் இறங்காது. எனவே எட்டும் இடத்தில் வெட்டி ஏற்றினோம். பெரியவர் ஒரு கட்டியை எடுத்து உடைத்துப் பார்த்துவிட்டு, "இந்தப் பக்கத்து மண்ணு பொரியும் தம்பி. நடுவுல எடுங்க" என்றார். சிற்பி தலையாட்டினார். நானும் கேட்டேன். பொரியும் என்றால் பொலபொலவென்று உதிரும் என்று நான் எடுத்துக்கொண்டேன். மணல் கொஞ்சம் கூடுதலாக இருக்கும்போல, பரவாயில்லை என்று நினைத்தேன். என்ன அர்த்தம் என்று அவரிடம் கேட்கவில்லை. டிராக்டருக்கு மணிக்கணக்கில் வாடகை ஓடிக்கொண்டிருந்தது.

மர விஷயத்தில் ஒன்றைச் சரியாகச் செய்தோம். கண்மாய்க்குள் நாட்டுக்கருவேலமும் நிற்கிறது. அது சமூகக் காடுகள் திட்டத்தில் வளர்த்தது, கிளையைக்கூட நாமாக வெட்டக்கூடாது. ஏற்கெனவே வெட்டிப் போட்டிருந்த சீமைக்கருவேலத்தை மட்டும், ஊராட்சியில் சொல்லிவிட்டு எடுத்தோம். நான்கு நீளக் கிளைகள், ஒரு தூர்க்கட்டை. வெட்டி பத்து நாள்கூட ஆகாத பச்சை மரம். சீமைக்கருவேலத்தை விறகாகவும் கரியாகவும் மட்டுமே பார்த்துப் பழகியிருக்கிறோம். ஆனால் உலரும்போது முறுக்கிக்கொள்வதும் சுருங்குவதும் மற்ற பல மரங்களை விட இதில் குறைவு. உள்ளே செம்பழுப்பாக இருக்கும் வைரம் மிகக் கெட்டி. சிற்ப வேலைக்கு நல்ல மரம் என்றே இப்போதும் சொல்வேன்.

முதல் உருவம்

ஆனி கடைசியில் வேலை தொடங்கியது. கல்கத்தாவின் குமார்டுலியில் துர்க்கை உருவங்கள் செய்யும் முறையைச் சிற்பி படித்திருந்தார். மூங்கிலும் மரமும் வைத்துக் கூடு கட்டி, அதன்மேல் மண் அப்புவார்கள். அதையே இங்கே செய்ய நினைத்தார். பச்சைக் கிளைகளைக் கம்பியால் கட்டி முதுகெலும்பு, இரண்டு கால், இரண்டு கை என்று ஒரு கூடு நிறுத்தினார். அதன்மேல் நேரடியாக மூன்று அங்குலக் கனத்துக்கு மண் ஏற்றினார். காய்ந்ததும் சுற்றிலும் சூளை கட்டி நின்ற இடத்திலேயே சுடுவது, உள்ளே இருக்கும் மரம் எரிந்து சாம்பலாகிவிடும் என்பது அவருடைய யோசனை.

எனக்கு அது நியாயமாகவே பட்டது. திறப்பு விழாவை ஆகஸ்ட் 15 என்று பள்ளியில் சொல்லி வைத்தவன் நான்தான். கூடு கட்டிச் செய்தால் வேகமாக முடியும் என்பதும் என் மனதில் இருந்தது.

ஒன்பது நாளில் உருவம் நின்றது. மிக அழகாக வந்திருந்தது. விலா எலும்பு தெரியும் முதுகு, நீரில் ஊறி ஒட்டிய வேட்டி, அடக்கிய மூச்சில் உப்பிய கன்னம். பிள்ளைகள் மதியச் சோற்றைத் தட்டோடு கொண்டுவந்து எதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

கவனித்தது

பத்தாம் நாள் ஆடி பிறந்திருந்தது. காற்று மேற்கிலிருந்து வீசியது. பள்ளித் தாழ்வாரம் மேற்குப் பக்கம் திறந்தது. அன்று மாலை உருவத்தின் மேற்குப் பக்கத்துத் தோளில் மயிரிழை அளவுக்கு ஒரு கோடு. மறுநாள் காலையில் அதில் தீக்குச்சி நுழைந்தது. மூன்றாம் நாள் முதுகெலும்பு நெடுக ஒரு பிளவு, முழங்காலுக்கு மேல் சுற்றி வளைத்து ஒன்று, மணிக்கட்டில் ஒன்று.

சிற்பி மண் குழம்பைக் கரைத்துப் பிளவுகளில் ஊற்றி அடைத்தார். அடைத்த இடத்தில் மறுநாள் இன்னும் அகலமாகப் பிளந்தது. ஈரத் துணி சுற்றினோம். துணிக்கு அடியில் இருந்த பகுதி காயவில்லை, வெளியே இருந்தது காய்ந்தது. இரண்டுக்கும் நடுவில் புதிதாக ஒரு விரிசல். ஐந்து நாள் இப்படிப் போராடினோம். ஒட்டுப் போடுங்கள், பார்க்கலாம் என்று சொல்லிக்கொண்டே இருந்தது நான். தேதி இருந்ததே காரணம். அந்த ஐந்து நாளையும் அப்போதே நிறுத்தியிருக்க வேண்டும்.

ஆறாம் நாள் வலது கை கழன்று விழுந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தபோதுதான் விஷயம் புரிய ஆரம்பித்தது. மண்ணுக்குள் இருந்த கிளை முழுதாக அப்படியே இருந்தது. மண் மட்டும் அதை விட்டு விலகி, நீளவாக்கில் துண்டு துண்டாகப் பிரிந்திருந்தது. கிளையைத் தொட்டால் ஈரம்.

வேளார் வீட்டுத் திண்ணையில்

பெரியவரிடம் போனது அதற்குப் பிறகுதான். சிற்பி உடைந்த கையை ஒரு சாக்கில் சுற்றி எடுத்து வந்தார். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பக்கத்தில் அவருடைய மனைவி புளிக்க வைத்த மண்ணை மிதித்துக்கொண்டிருந்தார். அவர்தான் முதலில் சொன்னார்: "மண்ணு சுண்டும்ல, கம்பு சுண்டுமா?"

எங்கள் பிரச்சினை முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் இருந்தது. ஈரக் களிமண் காயும்போது எல்லாப் பக்கமும் சுருங்கும். மரம் காயும்போது குறுக்குவாட்டில் கொஞ்சம் சுருங்கும், நீளவாக்கில் கிட்டத்தட்டச் சுருங்கவே சுருங்காது. நாலரை அடி மண் கீழே இறங்கப் பார்க்கிறது, நடுவில் நிற்கும் மரம் இறங்கவிடாமல் பிடித்துக்கொள்கிறது. அப்போது மண்ணுக்குக் கிழிவதைத் தவிர வேறு வழி இல்லை. குமார்டுலி முறையில் மரத்தின்மேல் வைக்கோலைக் கனமாகச் சுற்றி உருவம் கட்டிய பிறகுதான் மண் பூசுவார்கள். மண் சுருங்கும்போது வைக்கோல் அமுங்கிக் கொடுக்கும். அப்படியும் வரும் விரிசலை மண் குழம்பில் நனைத்த துணியை ஒட்டி மூடுவார்கள். அந்த உருவங்களைச் சுடுவதும் இல்லை, விழா முடிந்ததும் ஆற்றில் கரைத்துவிடுவார்கள். அந்த முறையில் பாதியை எடுத்துக்கொண்டு, உயிரான மீதியை விட்டுவிட்டோம்.

விளாச்சேரியில் கற்றதும் இங்கே சிற்பிக்கு உதவவில்லை. ஒரு சாண் பொம்மை அச்சில் வார்த்தது, உள்ளே பொள்ளல், சுவர் மெலிசு. அதில் சுருக்கம் நடப்பதே கண்ணுக்குத் தெரியாது. அதே மண் ஆள் உயரத்துக்கு வரும்போது என்ன செய்யும் என்று அவருக்குக் கைப்பழக்கம் இல்லை.

பெரியவர் கேட்ட கேள்வி வேறு. "பிடிமண்ணு யாரு கொடுத்தா?" புரவி எடுப்புக்கு முன்னால் ஊரார் கூடி ஒரு பிடி மண்ணை வேளாரிடம் கொடுப்பார்கள். அது வழிபாட்டு முறை. கூடவே அது ஓர் ஒப்பந்தமும்கூட: இன்ன உருவம், இத்தனை எண்ணம், இன்ன நாளுக்குள் என்று ஊரும் செய்கிறவரும் பேசி முடிக்கும் இடம் அது. எத்தனை நாள் ஆகும் என்பதை அங்கே தீர்மானிப்பது வேளார். எங்கள் வேலையில் நாளைக் குறித்தது நான், மண்ணைப் பற்றி ஒன்றும் தெரியாதவன்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

ஆகஸ்ட் 15 விழாவைக் கைவிட்டோம். தலைமை ஆசிரியை ஒரு வார்த்தைகூடக் கடிந்து பேசாமல் ஒத்துக்கொண்டார். அதற்குப் பதில் பிள்ளைகள் கையால் பெரியவருக்குப் பிடிமண் கொடுக்கலாம் என்றார். ஆவணி முதல் வாரத்தில், மடையை முன்பு திறந்தவரின் பேரன் கண்மாய் நடுவிலிருந்து ஒரு பிடி மண் எடுத்துக் கொடுத்தான். பெரியவர் வெற்றிலை பாக்கோடு வாங்கிக்கொண்டு, ஐப்பசி மழைக்கு முன் சூளை இறக்கிவிடலாம் என்று நாள் சொன்னார். கூலியும் அன்றே பேசப்பட்டது. சிற்பிக்கு எவ்வளவோ அவ்வளவே பெரியவர் குடும்பத்துக்கும்.

முதல் உருவத்தை உடைத்துத் தொட்டியில் ஊறப்போட்டோம். சுடாத மண் எத்தனை முறை வேண்டுமானாலும் கரையும், அதில் நட்டமில்லை. சிற்பிக்கு அது கஷ்டமான நாள். கன்னத்தையும் கண்ணையும் தானே உடைத்தார், வேறு யாரையும் தொடவிடவில்லை.

மரமும் மண்ணும் ஈரமாக இருக்கையில் ஒன்றையொன்று தொடக்கூடாது என்பது அடுத்த முடிவு. உடலைப் புரவி செய்வதுபோல உள்ளே பொள்ளலாகக் கட்டுவது, தனித்தனியாகச் சுடுவது, சுட்டு ஆறிய பின் உலர்ந்த மரத்தை உள்ளே நுழைப்பது என்று தீர்மானித்தோம். தலை, உடல், இரண்டு கை என்று நான்கு துண்டுகள். ஒவ்வொன்றும் அடுத்ததில் குடத்தின் கழுத்தில் மூடி உட்காருவதுபோல உட்காரும். நான்கு துண்டாகச் செய்யச் சிற்பிக்கு முதலில் விருப்பமில்லை. இணைப்புக் கோடு தெரியும் என்றார். "தெரியட்டும் தம்பி, குதிரைக்கும் தெரியுதுல்ல" என்றார் பெரியவர். பிறகு எங்களைக் காப்பாற்றியது இந்த முடிவுதான்.

மரத்துக்கு வேறு கட்டை தேடினோம். பச்சை மரம் உலரும்வரை காத்திருக்க முடியாது. அந்தப் பகுதியில் கரிமூட்டம் போடும் ஒரு அம்மாவிடம், போன வருடம் வெட்டி மழையில் நனையாமல் கிடந்த கட்டைகள் இருந்தன. எதை எரிப்பது, எதை எரிக்க மனசு வராது என்று அவர் தனியே பிரித்து வைத்திருந்தார். "இது வைரம் பாஞ்ச கட்டைண்ணே, அடுப்புல வெக்கப் பாவமா இருக்கும்" என்று தண்டுக்கு ஒன்றும் அடிக்கு ஒன்றும் கொடுத்தார்.

இரண்டாம் உருவம்

இந்த முறை மண்ணைச் சோதித்தோம். சோப்புக்கட்டி அளவில் ஒரு மண் கட்டை செய்து, அதன்மேல் 10 செ.மீ. கோடு ஒன்று கீறி, நிழலில் காயவிட்டு அளந்தோம். கோடு 9.1 செ.மீ. ஆகியிருந்தது. அதாவது நூற்றுக்கு 9 பங்கு சுருக்கம். நாலரை அடிக்கு அதைக் கணக்கிட்டால் ஏறக்குறைய 12 செ.மீ., நான்கு விரலை விடப் பெரிய அளவு. முதல் உருவம் ஏன் கிழிந்தது என்று தெரிந்துகொள்ள இந்த ஒரு கட்டை போதும். செய்ய ஒரு மணி நேரமும் ஆகாது.

உடலுக்கான மண்ணைப் பெரியவர் நடுக்கண்மாயிலிருந்து தானே கொண்டுவந்தார். மூன்று பங்கு களிமண்ணுக்கு ஒரு பங்கு செம்மண், ஒரு பங்கு ஆற்று மணல், கைநிறைய உமி என்று கலந்தார். மணல் சுருக்கத்தைக் குறைக்கும். உமி சூளையில் எரிந்துபோய் நுண்ணிய துளைகளை விட்டுச்செல்லும், ஆவி வெளியேற அது வழி. கலந்த மண்ணில் இன்னொரு கட்டை போட்டுப் பார்த்தோம். கோடு 9.4 செ.மீ.யில் நின்றது.

கட்டும் முறை சிற்பிக்குப் புதிது. கயிறு போல உருட்டிய மண்ணை வட்டமாக அடுக்கி, உள்ளே ஒரு கையில் உருண்டைக் கல்லும் வெளியே ஒரு கையில் மரத் தட்டையுமாகத் தட்டிச் சுவரை ஒரு அங்குலக் கனத்துக்குக் கொண்டுவருவது. ஒரு நாளைக்கு ஒரு சாண் உயரத்துக்கு மேல் ஏற்றக்கூடாது. கீழே உள்ளது பாதி காய்ந்து தாங்கும் பதத்துக்கு வந்த பிறகே மேலே வைக்க வேண்டும். இரண்டு காலும் இடுப்பில் சேரும் இடத்தில் மட்டும் மூன்று நாள் ஆனது. பெரியவர் உருவத்தின் பெருவடிவத்தை எழுப்ப, சிற்பி மேற்பரப்பில் தசையும் துணி மடிப்பும் கொண்டுவந்தார். இருவருக்கும் நடுவில் அதிகம் பேச்சில்லை. முதல் உருவத்தை விட இதில் அந்த மனிதரின் எடை தெரிந்தது. அவர் உண்மையிலேயே ஏதோ கனமானதைத் தூக்குகிறார் என்று பார்ப்பவர் நம்பினார்கள். உள்ளே வெறும் பொள்ளல். ஆனால் அந்தச் சுவர் தன் பாரத்தைத் தானே தாங்கியபடிதான் வளர்ந்தது, அதனால் வந்த நிற்கும் விதம் அது என்று நினைக்கிறேன்.

தலையையும் கைகளையும் சிற்பி தன் அறையில் தனியாகச் செய்தார். முகத்துக்கு வழவழப்பான மண் வேண்டும் என்று முதல் உருவத்தைக் கரைத்த தொட்டி மண்ணை எடுத்துக்கொண்டார். பலமுறை பிசைந்து ஊறியதால் அது வெண்ணெய் போல இருந்தது. கையில் தட்டுப்பட்ட கற்களைப் பொறுக்கி எடுத்துவிட்டு வேலை செய்தார். இதைப் பெரியவரிடம் சொல்லத் தோன்றவில்லை. எனக்குத் தெரியும், நானும் சொல்லவில்லை.

காயவைத்தது 25 நாள். காற்றுப்படாத உள்ளறையில், சாக்கு போர்த்தி, இரண்டு நாளைக்கு ஒருமுறை திருப்பி வைத்து. ஒரு விரிசலும் இல்லை.

சூளை

புரட்டாசி கடைசி வாரத்தில், இரண்டு நாள் வெயில் தொடர்ந்து காய்ந்த பிறகு சூளை வைத்தார்கள். கீழே வரட்டி, அதன்மேல் உருவத் துண்டுகள், சுற்றிலும் தென்னை மட்டையும் சீமைக்கருவேல விறகும், மேலே வைக்கோல், அதற்கு மேல் மண் குழம்புப் பூச்சு. அங்கங்கே புகைக்கண்.

முதல் நான்கு மணி நேரம் புகை மட்டும்தான். தீயை எழவிடவில்லை. சுவருக்குள் மிச்சம் இருக்கும் ஈரம் கொதிக்கும் சூட்டை ஒரேயடியாகத் தொட்டால் ஆவி வெளியேற வழியின்றி உருவத்தை வெடித்துவிடும். புகைக்கண்ணுக்கு நேரே ஒரு தகரத் துண்டைக் காட்டி அதில் நீர் படிகிறதா என்று பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்தார். படிவது நின்ற பிறகே அடித்தீயைத் தூண்டினார். இப்படிப்பட்ட திறந்த சூளைகள் 700 முதல் 900 டிகிரி வரை போகும். விடியும்வரை எரிந்தது. முழுதும் ஆற ஒன்றரை நாள் விட்டார். சிற்பிக்குப் பொறுக்கவில்லை, இரண்டு முறை பிரிக்கப் போய்த் திட்டு வாங்கினார்.

நான்கு துண்டும் முழுதாக வந்தன. உடல் நல்ல செம்மண் நிறம், இடது தோளில் புகை பட்டுக் கறுத்த ஒரு திட்டு. அதை அப்படியே விட்டுவிட்டோம், தண்ணீரிலிருந்து எழும் தோளுக்கு அது பொருந்தியது.

மரத்தண்டு நுழையும் கைக்குழியைத் தண்டை விட அரை அங்குலம் அகலமாக விட்டிருந்தோம். மழைக்காலத்தில் மரம் உப்பும், இடம் இல்லாவிட்டால் சுட்ட விரலை உடைத்துவிடும். இடைவெளியில் தேங்காய் நாரைத் திணித்து இறுக்கினோம். கார்த்திகைக்கு நான்கைந்து நாள் இருக்கும்போது சிற்பத்தைத் தாழ்வாரத்தில் நிறுத்தினோம்.

சுக்கான்

மூன்று வாரம் ஆகியிருக்கும். மழை விடாமல் பெய்தது. ஒரு திங்கட்கிழமை காலை தலைமை ஆசிரியை போன் செய்தார்: முகத்தில் யாரோ கல்லால் அடித்ததுபோல இருக்கிறது என்றார். போய்ப் பார்த்தேன். கன்னத்திலும் நெற்றியிலும் மிளகளவு, கடலையளவு சில்லுகள் பெயர்ந்திருந்தன. ஒவ்வொரு குழியின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளி. இடது கையில் இரண்டு இடம். உடலில் ஒன்றுகூட இல்லை. பிள்ளைகள் யாரும் தொடவில்லை என்று சத்தியம் செய்தார்கள். முதலில் அவர்கள்மேல் சந்தேகப்பட்டது வருத்தமாக இருக்கிறது.

பெரியவர் வந்தார். வெள்ளைப் புள்ளியை நகத்தால் சுரண்டினார். "சுக்கான். பொரிஞ்சிருச்சு. அன்னைக்கே சொன்னேனே" என்றார்.

அந்தக் கரையோர மண்ணில் சுக்கான் கல் துணுக்குகள் இருந்தன. சுக்கான் என்பது சுண்ணாம்புக்கல். சூளையின் சூட்டில் அது நீறாத சுண்ணாம்பாக மாறிச் சுவருக்குள்ளேயே தங்கிவிடுகிறது. பிறகு மழைக்காலக் காற்றின் ஈரத்தை உறிஞ்சி நீற்றுப்போகும்போது உப்பி, மேலே இருக்கும் சுட்ட மண்ணைத் தள்ளித் தெறிக்க வைக்கிறது. பெரியவர் பொரியும் என்று சொன்னது இதைத்தான். மண் எடுத்த அன்றைக்கு அரை நிமிடம் நின்று கேட்டிருந்தால் விளக்கியிருப்பார். ஆறு மாதம் கழித்து அந்தச் சொல்லின் அர்த்தம் எங்களுக்கு முகத்தில் எழுதிக் காட்டப்பட்டது.

அடுத்து என்ன என்று மூன்று வழிகளைப் பேசினோம். குழிகளைச் சிமெண்ட் வைத்து அடைப்பது முதலாவது. உள்ளே இன்னும் நீறாத துணுக்குகள் இருந்தால் அதையும் தள்ளிவிடும், நிறமும் ஒட்டாது. அப்படியே விட்டுவிடுவது இரண்டாவது. சிற்பி அதற்குச் சம்மதிக்கவில்லை, ஒரு குடும்பத்துத் தாத்தாவின் முகம் அது என்றார். சரி, தலையையும் இடது கையையும் புதிதாகச் செய்வது என்று முடிவெடுத்தோம். துண்டு துண்டாகச் செய்திருந்ததால் உடலைத் தொடாமலே இது முடிந்தது.

மாசியில், நடுக்கண்மாய் மண்ணில் புதுத் தலை உருவானது. இந்த முறை மண்ணை நீராகக் கரைத்து, கொசுவலைத் துணியை இரண்டாக மடித்து வடிகட்டி, அடியில் தங்கியதை எறிந்துவிட்டுத்தான் பிசைந்தார்கள். சுட்டு ஆறியதும் தலையையும் கையையும் தொட்டித் தண்ணீரில் மூழ்க வைத்தார் பெரியவர். தப்பித் தவறித் துணுக்கு இருந்தால் அங்கேயே நீற்றுக் கரைந்துவிடும் என்பது அவர் கணக்கு. செங்கல் சூளைகளிலும் இதே வழக்கம் உண்டு.

மரத்தில் பூச்சி

இதைச் சுருக்கமாகச் சொல்லலாம். தையில் அடிக்கட்டையைச் சுற்றிப் பவுடர் போல மாவு உதிர்ந்து கிடந்தது. சீமைக்கருவேலத்தின் வைரத்தைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. வெளிப்புறத்து வெளிர்மஞ்சள் பகுதியை மிக விரும்பித் தின்னும். கட்டையின் இயற்கை வடிவம் அழகு என்று அந்த வெளிப்பகுதியை நாங்கள் விட்டு வைத்திருந்தோம். தச்சர் ஒருவரை வைத்து அதை முழுக்கச் செதுக்கி எடுத்தோம். வெங்காரக் கரைசலை இரண்டு தடவை பூசிக் காயவிட்டு, மேலே வேப்பெண்ணெய் தேய்த்தோம். அதன் பிறகு மாவு விழவில்லை. தண்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. அது முழுக்க வைரம்.

இப்போதைய நிலை

பங்குனியில் புதுத் தலை பொருத்தப்பட்டது. புதுத் தலை இன்னும் ஒரு ஐப்பசி, கார்த்திகையைப் பார்க்கவில்லை, எனவே சுக்கான் பிரச்சினை முற்றாகத் தீர்ந்தது என்று இப்போதே எழுத மாட்டேன். உடல் ஒரு மழைக்காலத்தைத் தாண்டி நிற்கிறது. அதில் விரிசலோ சில்லோ இல்லை. தண்டைச் சுற்றிய நார் மழையில் இறுகி, கோடையில் தளர்ந்திருக்கிறது, அது எதிர்பார்த்ததே. சிற்பி பெரியவரிடம் தொடர்ந்து வேலை பழகுகிறார். அந்த ஊர்ப் புரவி எடுப்புக்கு இரண்டு குதிரைகளின் கழுத்தும் முகமும் அவர் கைவேலை.

மாற்றிச் செய்ய வேண்டியவை

மண் எடுக்கும் இடத்தை டிராக்டர் முடிவு செய்யக்கூடாது. எடுக்கும் முன் நாலைந்து இடத்தில் கைப்பிடி அளவு எடுத்து, உலர்த்திப் பொடித்து, எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பார்க்க வேண்டும். நுரைத்தால் அங்கே சுக்கான் இருக்கிறது, வேறு இடம் பார்க்கலாம். வேறு இடமே இல்லையென்றால் கரைத்து வடிகட்டாமல் தொடக்கூடாது.

10 செ.மீ. கோடு போட்ட கட்டை இல்லாமல் எந்தப் பெரிய உருவத்தையும் தொடங்க மாட்டோம். மரத்தை ஒரு வருடம் முன்னதாகவே சேர்த்து, வெளிர் பகுதியைச் செதுக்கி, முனைகளில் சாணம் பூசி நிழலில் அடுக்கி வைப்போம். முனை வேகமாகக் காய்ந்து பிளப்பதை அது தடுக்கும். ஆடியில் ஈர உருவத்தை வெளித் தாழ்வாரத்தில் வைக்க மாட்டோம்.

விழாத் தேதியை நான் சொல்ல மாட்டேன். வேளாரைக் கடைசியில் கூப்பிடும் ஆளாக வைக்காமல், பிடிமண்ணிலிருந்து கூலியோடு சேர்த்துக்கொள்வோம். இரண்டு பேர் இரண்டு இடத்தில் மண் கலந்தால், எந்தத் தொட்டி மண் எங்கே போகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதி இருவரும் பார்க்க வேண்டும். எங்களுக்கு அந்த ஒரு வரி இருந்திருந்தால் பழைய தலை இன்றும் அந்தக் கழுத்தில் இருந்திருக்கும்.

பழைய தலையைத் தூக்கி எறியவில்லை. எட்டாம் வகுப்பு அறிவியல் அலமாரியில் இருக்கிறது, பக்கத்தில் ஒரு கண்ணாடிப் புட்டியில் கரையோரச் சுக்கான் துணுக்குகள். வருடத்துக்கு ஒரு நாள் பிள்ளைகள் அதில் எலுமிச்சையைப் பிழிந்து நுரையைப் பார்ப்பது என்று ஏற்பாடு. இந்த வருடம் அந்த வகுப்பை எடுக்கப் பெரியவரையும் அவருடைய மனைவியையும் தலைமை ஆசிரியை அழைத்திருக்கிறார்.